இடது பக்கம் படம் தெரியுதா?

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பாம்புக்கும் பேய்க்கும் பயப்படுகிற ரகம் இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அது கண்ணைப் பற்றியது.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அய்யாவுக்குக் கண் போனது. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். நூல் மில்லில் வேலை பார்த்தவர். கண் ஒரே நாளில் போகவில்லை. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது ஒருநாள் பக்கத்தில் நின்ற மாட்டு வண்டியில் போய் இடித்தார். பிறகு சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை அடிக்கடி தட்டிவிட்டார். "கவனத்த எங்க வச்சிருக்கிய?" என்று அம்மா திட்டுவாள். மில்லில் பறக்கிற பஞ்சுத் தூசி கண்ணில் படிந்துவிட்டது என்று தெருவே கூடி முடிவு செய்தது. நந்தியாவட்டைப் பூவை நசுக்கிக் கண்ணில் விட்டார்கள். முருங்கைக் கீரையாகச் சமைத்துப் போட்டார்கள். கடைசியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மில் வேலை போயிற்று. என் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன்.

அப்போதிருந்தே இது எனக்கும் வரும் என்று உள்ளுக்குள் ஒரு முடிவு இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அடுப்படியிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் நடந்து பழகுவேன். குருடனாகப் போகிறவன் முன்கூட்டியே கற்றுக்கொண்டால் நல்லதுதானே என்ற நினைப்பு. பித்தளைக் குடத்தில் முட்டிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம். இத்தனை வருடம் இரண்டு கண்ணையும் மூடிப் பழகிய எனக்கு, ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் எங்களைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போவாள். அங்கே கண்மலர் விற்பார்கள். வெள்ளித் தகட்டில் கண் மாதிரி வெட்டி, ஜோடி ஜோடியாகத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதை வாங்கி அய்யாவின் கண்ணில் ஒற்றி உண்டியலில் போடுவாள். அம்மா செத்துப்போன பிறகும் அண்ணன் அதை விடவில்லை. வருடம் தவறாமல் தனியாகவே போய்ப் போட்டுவிட்டு வருவான். அவனுக்கு அய்யா மேல் இருக்கிற பாசம் எனக்கு இல்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்தேன். முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டேன். கேபிள் டிவி வந்து அதைத் தின்றுவிட்டது. பிறகு டிவி பெட்டிகளை வரிசையாக வைத்து வீடியோ கேம் கடையாக மாற்றினேன். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டம் மொய்க்கும். மெல்ல மெல்ல அதுவும் குறைந்தது, வசதியானவர்கள் வீட்டிலேயே கேம் வாங்கிவிட்டார்கள். என்ன செய்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் டிவி கண்ணாடி பற்றிக் கேள்விப்பட்டேன். கண்ணில் மாட்டிக்கொண்டால் போதும், உள்ளேயே படம் ஓடும், காதில் சத்தம் வரும், கேமுக்குள் நாமே போய் நிற்பதுபோல இருக்கும் என்றார்கள். இது மட்டும் நம் கடையில் இருந்தால் சேத்தூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவான்கள் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாய் இருந்தார். அடிக்கடி சிங்கப்பூர் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்கிறவர். அந்த மாதிரி ஆட்களைக் குருவி என்று சொல்லுவோம். "மூணு தினுசு கொண்டாந்திருக்கேன். வந்து மாட்டிப் பாத்து ஒண்ண எடுத்துக்கிடுங்க. ஆனா எடுத்த பொறவு திருப்பித் தாரது கெடையாது" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நானும் என் மனைவியும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்பதெல்லாம் அவள் முடிவுதான். எனக்கு ஆசை உண்டு, மூளை அவளுக்குத்தான்.

பாய் வீட்டு முன்னறையில் வீடியோ டெக், கேம் மிஷின், மூன்று கண்ணாடி எல்லாம் தயாராக இருந்தன. முதலாவது, கண்ணாடி என்று சொல்வதே தப்பு. ஹெல்மெட்டில் பாதி இருக்கும். மாட்டியதும் கழுத்து முன்னால் சாய்ந்தது. "சின்னப் புள்ளைக மாட்டுனா தலையே நிக்காது" என்று அவள் அதை ஓரம் கட்டினாள். இரண்டாவது, கண்ணைச் சுற்றி மெத்தென்று ஸ்பான்ஜ் வைத்தது. முகத்தில் பதமாக உட்கார்ந்தது, எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவள் ஸ்பான்ஜை அமுக்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாங்க. நம்ம கடைக்கு வார அம்புட்டுப் பேரும் தலையில எண்ணெயத் தடவிட்டு வருதான். இந்தப் பஞ்சு அம்புட்டையும் உறிஞ்சிரும். மெட்ராஸ் ஐ வார சீசன்ல ஒருத்தன் மாட்டிக் கழட்டுனா ஊருக்கே கண்ணு செவக்கும்."

மூன்றாவது, வெல்டிங் பட்டறையில் போடுகிற கறுப்புக் கண்ணாடி மாதிரி. ஸ்பான்ஜ் கிடையாது, ஓரத்தில் ரப்பர். லேசாக இருந்தது. தலைக்குப் பின்னால் பட்டையை இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம். மூக்குக் கண்ணாடி போட்டவர்களும் அதற்கு மேலேயே மாட்டலாம். ஒவ்வொருத்தன் கழற்றியதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம். ராஜபாளையத்திலேயே தயாராகிற ஆஸ்பத்திரிப் பஞ்சுக்குப் பஞ்சமா என்ன. இதுதான் என்று இரண்டு பேருக்குமே மனசுக்குப் பட்டது.

"செத்த பொறுங்க அண்ணாச்சி" என்றார் பாய். "உள்ள ரெண்டு பக்கமும் தனித்தனியா சின்ன டிவி இருக்கு. ரெண்டுலயும் ஒரே படம்தான் ஓடும். சிலதுல ஒரு பக்கம் செத்துப் போயிருக்கும். ரெண்டு கண்ணையும் தொறந்து பாத்தா தெரியாது. ஒரு கண்ண மூடிக்கிட்டு மத்ததுல பாருங்க. பொறவு மாத்திப் பாருங்க. நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்கப்படாது பாருங்க."

இடது கண்ணை மூடினேன். ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் பறந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு. கண்ணை மாற்றினேன். படத்தின் ஓரமெல்லாம் இருட்டு. நடுவில் மட்டும் ஒரு துண்டு தெரிந்தது, அதுவும் அடுப்புப் புகைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல.

"பாய், இதுல இடது பக்கம் போயிருக்கு" என்றேன். கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

சரி என்று ஸ்பான்ஜ் வைத்ததை எடுத்து மாட்டினேன். அதிலும் இடது பக்கம் போயிருந்தது. ஹெல்மெட்டை மாட்டினேன். அதிலும் இடது பக்கம்.

"என்ன பாய், மூணுமே ஓட்டைச் சாமானாக் கொண்டாந்திருக்கிய?"

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்றையும் வாங்கித் தானே மாட்டி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு. மூணும் ஒரே பக்கம் எப்படி அண்ணாச்சி போகும்? வெலையக் கொறைக்கணும்னா நேராக் கேளுங்க, சாமானக் கொற சொல்லாதிய" என்றார். என் மனைவி வாங்கி மாட்டிப் பார்த்தாள். கழற்றியவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"இப்பிடிப் போட்டுப் பாருங்க."

தலைகீழாக மாட்டினேன். இடது பக்கத்து டிவி இப்போது வலது கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. இடது கண்ணை மூடினேன். கார் தலைகீழாக ஓடியது, ஆனால் பளிச்சென்று ஓடியது. நான் செத்துப் போயிருக்கிறது என்று சொன்ன அதே டிவிதான். கண்ணை மாற்றினேன். புகை.

கண்ணாடியைக் கழற்றவே பயமாக இருந்தது. கழற்றினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கழற்றாவிட்டால் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே அந்தக் கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஒன்றுதான். வந்து எத்தனையோ நாள் ஆகியும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது, அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"இதையே எடுத்துக்கிடுதோம் பாய். சாமான் நல்லா இருக்கு" என்று அவள் சொன்னது கேட்டது.

ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டே வந்தேன். வலது கண்ணில் புளியமரங்கள், மில் சுவர், முன்னால் போகும் லாரி எல்லாம் இருந்தன. இடது கண்ணில் லாரியின் பின்பக்கத்தில் கொஞ்சம்தான் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் நான் அவளைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். என் மனைவி என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அய்யாகிட்ட சொல்லாத" என்றேன். "சொல்லல. ஆனா நாளைக்கே மதுரைக்குப் போறோம்" என்றாள்.

மதுரையில் டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது, மீதியை என் மனைவிதான் கேட்டு வந்து சொன்னாள். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய். வலிக்காது. ஒரு கண்ணில் போவதை இன்னொரு கண் மறைத்துவிடும். போன பார்வை திரும்ப வராது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் ஆயுசுக்கும் போட வேண்டும். வலது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. அய்யாவுக்கு வந்ததும் இதுவாகத்தான் இருக்கும். பஞ்சுத் தூசியாவது ஒன்றாவது.

கடைசியில் டாக்டரம்மா கேட்டது மட்டும் எனக்கு நேராகக் கேட்டது.

"கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா? கட்டாயம் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும்."

எனக்குக் கூடப்பிறந்தவன் அண்ணன் ஒருவன்தான். கிளீனராகப் போனவன், அப்போது வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வருகிற ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர்.

எனக்குச் சொல்ல வேண்டியவர்களிடம்கூடச் சொல்ல வாய் வராது. இரண்டு நாள் விழுங்கி விழுங்கிப் பார்த்துவிட்டு அய்யாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அய்யா, ஒங்களுக்கு எந்தக் கண்ணு மொதல்ல போச்சு?"

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் யோசித்தார். "அது எனக்கே தெரியாதுலே. ரெண்டும் போன பொறவுதான் போச்சுன்னே தெரியும்" என்றார். பிறகு, "திடீர்னு எதுக்குக் கேக்க?" என்றார்.

"சும்மாதான்."

"ஒங்க அண்ணனும் இப்பிடித்தான் சும்மா எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கான். அதக் கூட விடு. வருசா வருசம் இருக்கன்குடிக்குப் போயிக் கண்மலர் வாங்கிப் போட்டுட்டு வருதானே, எதுக்குலே? எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சு போச்சே. போன கண்ணுக்கா போடுதான்? முன்னயெல்லாம் ஒங்க அம்மா எங்கண்ணுல ஒத்திட்டுக் கொண்டுபோவா. இவன் எங்கிட்டக் கொண்டாந்து ஒத்துறதே இல்ல."

அய்யா ரேடியோவின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார். அப்படியானால் அண்ணன் அதை யார் கண்ணில் ஒற்றிப் போடுகிறான்?

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், தேரடிப் பக்கம் காத்திருந்து, அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினேன். முன்னால் இடம் பிடித்து அவனையே பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்தத் தடத்தில் அண்ணனுக்கு நல்ல பெயர். நிதானமான டிரைவர் என்று பெயர். மற்றவர்கள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடிப்பார்கள். அண்ணன் இடது பக்கம் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒடிப்பான். "இந்த வண்டின்னா நம்பி ஏறலாம்" என்று பின்னால் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை வருடம் நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் ஒவ்வொரு தடவை தலையைத் திருப்பும்போதும், இடது கண்ணில் தெரியாததால்தான் திருப்புகிறானோ என்று பட்டது.

மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு தாண்டியதும் இடது ஓரத்திலிருந்து ஒரு பெண் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். புல் முகத்தை மறைத்திருந்ததால் அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வேகம் குறையவே இல்லை.

"அண்ணே!"

நான் போட்ட சத்தத்தில் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டான். பஸ்ஸே முன்னால் சரிந்தது. புல்லுக்கட்டு கீழே விழுந்து, அந்தப் பெண் ரோட்டு நடுவில் நின்று எங்களைக் கண்டபடி ஏசினாள். அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

"எதுக்குலே இப்பிடிக் கத்துத? பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான் அண்ணன். அவன் காதுப்பக்கம் வியர்வை இறங்கியது.

ராஜபாளையத்தில் இறங்கியதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எனக்கு நடந்ததைச் சொன்னேன். மதுரைக்கு வந்து ஒருதடவை காட்டிவிடு என்று கெஞ்சினேன். என் கண்ணுக்காக ரொம்ப வருத்தப்பட்டான். தோளைப் பிடித்துக்கொண்டான். தன் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும், "லைசென்ஸு புதுப்பிக்கையில எல்லாம் பாத்தாச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "தெரியுதான்னு கேட்டா தெரியுதுன்னுதான் சொல்லுவாவ. பொய் சொல்லுதாவளான்னு எப்பிடிக் கண்டுபிடிக்கது?" என்றாள். அப்போதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது.

அண்ணனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் டூட்டி. ஓய்வு நாளில் மத்தியானம் எப்போதும் கடைக்கு வருவான். பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், கடை காலியாக இருக்கும். அவன் வருவதற்கு முன்பே, கண்ணாடிக்கு உள்ளே இடது பக்கத்து டிவி மேல் வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிவைத்தேன். வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வராது. கண் நன்றாக இருக்கிறவன் இடது கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்லுவான். எப்போதுமே இருட்டாக இருக்கிற கண்ணுக்குத்தான் அங்கே டேப் இருப்பது தெரியாது.

அண்ணன் கார் ரேஸ் ஆடினான். சின்னப் பையன் மாதிரி உடம்பை வளைத்து வளைத்து ஆடினான். "நல்லாருக்குலே, ரோட்டுல ஓட்டுறத விட இது சொகமா இருக்கு" என்று சிரித்தான்.

"அண்ணே, புதுச் சாமான், ஒரு பக்கம் டல்லடிக்குன்னு ஒருத்தன் சொன்னான். வலது கண்ண மூடிட்டு இடது கண்ணால மட்டும் பாத்துச் சொல்லேன். படம் தெரியுதா?"

அவன் சிரிப்பு நின்றது. ஒன்றும் தெரியலலே என்று மட்டும் சொல்லிவிடு என்று மனசுக்குள் அவனைக் கும்பிட்டேன். மாரியம்மாளையும் கும்பிட்டேன். திட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என் மேல் எறிந்தால்கூடப் பரவாயில்லை. என்ன ரிப்பேர்ச் சாமான வாங்கியிருக்க என்று கேட்டால் போதும்.

"தெரியுதுலே" என்றான் அண்ணன். "நல்லாத் தெரியுது. ரோடு தெரியுது. செவப்புக் காரு போகுது பாரு."

உள்ளே அவன் எந்தக் கண்ணை மூடினான், எதைத் திறந்து வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. எப்படியும் இடது பக்கத்தில் டேப்பைத் தவிர எதுவும் கிடையாது.

கண்ணாடியைக் கழற்றி, உள்பக்கம் தெரியும்படி அவன் மடியில் வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். பிறகு டேப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"எதுக்குலே இத ஒட்டி வச்சிருக்க?"

"நீ ஒண்ணும் தெரியலன்னு சொல்லுவன்னு நெனச்சேன்ணே."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. கேம் மிஷினில் அந்தக் கார் எங்கேயோ மோதி நின்று, திரும்ப ஆடச் சொல்லி ஒரே சத்தத்தை விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதை அணைத்தேன்.

"ஒங்க மதினிக்குத் தெரியாது" என்றான். "அய்யாவுக்குக் கண்ணு போனதும் நம்ம வீடு எப்பிடி ஆச்சுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்காது. நீ சின்னப்பய. எனக்கு இருக்கு. எம்மக இப்ப பத்தாவது படிக்கா. அவளப் படிப்ப நிப்பாட்டி மில்லுக்கு அனுப்பச் சொல்லுதியா?"

"லைசென்ஸுக்குக் கண்ணு பாப்பாவளே, அங்க எப்பிடிண்ணே..."

"அந்த எழுத்து அட்டை எனக்கு மனப்பாடம்லே. எல்லா எடத்துலயும் ஒரே அட்டைதான். வலது கண்ணு நல்லாத்தான இருக்கு. அது போதும்னு ஓட்டிட்டு வாரேன்."

"அதுவும் போயிரும்ணே. அய்யாவுக்கு ரெண்டும்தான போச்சு. இப்ப வந்தா அந்த ஒண்ணையாவது காப்பாத்திருவாவ." "அன்னைக்கு அந்தப் புல்லுக்கட்டுப் பொம்பள..."

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"அவ வந்ததே எனக்குத் தெரியாதுலே" என்றான். "நீ கத்துன பொறவுதான் பிரேக்க மிதிச்சேன். எதுக்குக் கத்துனன்னுகூட எனக்குத் தெரியாது. அவ ஏசுற சத்தத்தக் கேட்ட பொறவுதான் அங்க ஒருத்தி நிக்கான்னே தெரிஞ்சுது."

கிளீனராகப் போன நாளிலிருந்து அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரிப் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். அவனும் அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே நாங்கள் இரண்டு பேருமாக பஸ் முதலாளி வீட்டுக்குப் போனோம். இனி வண்டி எடுக்க மாட்டேன் என்று அண்ணனே சொன்னான். காரணம் கேட்டதற்குக் காரணத்தையும் அவனே சொன்னான். அதற்குப் பிறகு அவனும் என் கூடக் கடையில் உட்கார்ந்தான். அவன் மகள் படிப்பை நிறுத்தவில்லை.

ஆனால் என் மனசில் இருப்பது, அண்ணனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன நாள்தான். நீளமான ஹாலில் சுவரோரமாக எங்களை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. நர்ஸம்மா அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, அவன் வலது கண்ணை ஒரு அட்டையால் நன்றாக மறைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் மாட்டியிருந்தன.

"இடது கண்ணால பாத்து மேலேருந்து படிங்கய்யா."

"ட" என்றான் அண்ணன். "ப."

எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது எழுத்துக்கு வாயைத் திறந்தவன் நின்றுவிட்டான். என்னைத் தேடித் தலையைத் திருப்பினான், பஸ்ஸில் திருப்புவானே அதே மாதிரி முழுசாக. கண் மறைத்திருந்ததால் நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் தோளைத் தொட்டேன்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றான்.